சும்தாங் மேடு நகர்கிறது

ஜூலை 29

வந்து சேர்ந்துவிட்டோம். லே நகரத்திலிருந்து இரண்டு நாள் பயணம். கடைசிப் பகுதியைச் சாலை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

சாலை முடிகிற இடத்தில், ஆற்றின் இந்தக் கரையில் கூடாரம் அடித்திருக்கிறோம். எதிர்க்கரையில், சுவர்போல் செங்குத்தாக நிற்கும் சரிவுக்கு மேலே ஒரு மேடு. அதில்தான் சும்தாங் கிராமம். பார்லி வயலும் நாலைந்து வரிசை வில்லோ மரங்களும் வெள்ளை வீடுகளுமாக அந்த மேடு மட்டும் பச்சை. மீதி எல்லாம் பாறை, மணல், வெயில். ஆறு வெகு ஆழத்தில் சாம்பல் நிறத்தில் இரைந்துகொண்டு போகிறது. மழை இல்லாத மலை. மேலே பனி உருகி வாய்க்காலில் வந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. ஊருக்குப் போக ஒரே வழி, கம்பிக்கயிற்றில் தொங்குகிற இழுவைக் கூடை.

இங்கே பாலம் கட்டப்போகிறார்கள். அதற்கு முன் இந்த ஆற்றிடுக்கு முழுவதையும் வரைபடமாக்கித் தர வேண்டியது என் வேலை. பாலத்துக்கு இரண்டு இடம் குறித்திருக்கிறார்கள். முதலாவது ஊர் மேட்டின் ஓரத்திலேயே. இரண்டாவது ஆறு இரண்டு வளைவு வளைந்தபின் கீழே. முதல் இடம்தான் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

இருபது வருடமாக நிலம் அளக்கிறேன். சங்கரன்கோவில் கரிசலில் தொடங்கி இந்த நாட்டில் நான் கருவி ஊன்றாத மண் குறைவு. இதையும் வரைந்துவிடுவேன்.

ஆகஸ்ட் 2

ட்ரோன் வேலை முடிந்தது. என் உதவியாளன் ஹர்ஷத் நன்றாகப் பறக்கவிட்டான். ஆனால் இன்று காலை அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. தலைவலி, வாந்தி. உயரம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அரிசி இறக்க வந்த லாரியில் உடனே கீழே அனுப்பிவிட்டேன். உயரத்தோடு வீரம் பேசக் கூடாது.

ட்ரோன் படத்தில் சுவர்கள் நிழலாக விழுகின்றன. ஜிபிஎஸ்ஸும் இந்தச் சந்துக்குள் தடுமாறுகிறது. ஆகவே சுவரையும் மேட்டின் ஓரத்தையும் டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவைக் கருவியை வைத்துத்தான் அளக்க வேண்டும். அதற்கு எதிரே, அதன் ஒளியைத் திருப்பி அனுப்புகிற பிரிசம் கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்க வேண்டும். மிச்சம் இருப்பது ஜீப் டிரைவர் தேவசகாயம் மட்டும்.

“கம்பத்த புட்சிக்கினு நிக்கறதுக்கு இன்னா மேடம் பெரிய படிப்பு வேணும்? சொல்லிக் குடுங்க, நிக்கறேன்” என்றார்.

குடியாத்தம் பக்கத்துக்காரர். ராணுவத்தில் இருந்து, ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்பாமல் லேயிலேயே தங்கிவிட்டவர். மனைவி இறந்து பல வருடம் ஆகிறதாம். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

ஆகஸ்ட் 3

தேவசகாயம் கம்பம் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அவர் வைத்த பருப்பில் உப்பு அதிகம். ஜெபக்கூட்டப் பாட்டை விசில் அடிக்கிறார், வாக்கி-டாக்கியில் எனக்குக் கேட்கிறது என்று தெரிந்தே.

ஆகஸ்ட் 6

கூடையில் ஆற்றைக் கடந்து ஊருக்குப் போனேன். எங்கள் கருவிகளை வைக்க இடம் கொடுத்தவர் யாங்டோல். ஊராட்சி உறுப்பினர், வயது என்னைவிடக் கொஞ்சம் குறைவு, குரல் என்னைவிடக் கொஞ்சம் பெரிது. வீடு மேட்டின் ஓரத்துக்குப் பக்கத்தில். நாங்கள் இந்தியில் பேசிக்கொள்கிறோம். என்னை ஆச்சே என்கிறாள். இங்கே அதற்கு அக்கா என்று பொருள். எங்கள் ஊரில் ஆச்சி என்றால் பாட்டி என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். இரண்டிலும் குறுக்கே பழைய தழும்பு.

“பனிக்காலம். இவருக்குக் கால் முறிஞ்சு போச்சு. கூடையில வெச்சு நான்தான் இழுத்தேன். கயிறு முழுக்க ஐஸ். பாலம் இங்கேயே, என் வீட்டு வாசல்லயே வரணும், ஆச்சே. சீக்கிரம் வரைஞ்சு குடு.”

கணவர் அடுப்படியில் உட்கார்ந்து எங்களுக்கு வெண்ணெய்த் தேநீர் கலக்கினார். கால் சேர்ந்துவிட்டது, சற்றுத் தாங்கி நடக்கிறார்.

மேட்டின் ஓரத்தில் ஓர் ஆணியைச் சிமென்ட் வைத்துப் பதித்தேன். இரு கரையிலும் இதுபோல் பதித்திருக்கிற நிலையான புள்ளிகளில் இது நான்காவது. வாரம் ஒருமுறை வேலை தொடங்குமுன் இவற்றைச் சரிபார்த்துக்கொண்டால் வரைபடம் தப்பாது.

ஆகஸ்ட் 9

காற்று. மதியத்துக்கு மேல் கருவி நிற்கவில்லை. துணி துவைத்தேன். தேவசகாயத்தின் சட்டையும் கொடியில் கிடந்தது. காலர் கிழிந்திருந்ததால் தைத்துப் போட்டேன். ஊசி கையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 12

நான்காம் புள்ளி தவறுகிறது. போன வாரம் இருந்த இடத்துக்கு இரண்டு விரல்கிடை தள்ளி, ஆற்றுப் பக்கமாக. மற்றவை எல்லாம் சரி.

வாக்கி-டாக்கியில், “கம்பம் ஆடியிருக்கு. ஒழுங்காப் பிடிங்க” என்றேன். சற்றுக் கடுமையாகத்தான்.

“நேராத்தான் மேடம் புட்சேன். கம்பத்துல மட்டம் பாக்கற அந்த நீர்க்குமிழி நடுவுலயே குந்திக்கினு இருந்துச்சு.”

“காத்து அடிச்சிருக்கும்னு சொல்லுதேன்.”

“காத்துதான் இன்னும் கெளம்பவே இல்லியே.”

அதன்பின் பகல் முழுக்க விசில் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13

இன்று கம்பத்தை நம்பவில்லை. மனிதரையும் நம்பவில்லை. பிரிசத்தை முக்காலியில் ஏற்றி, நானே ஆணிக்கு நேராக நிறுத்திவிட்டு, இக்கரைக்கு வந்து அளந்தேன். திசை மாற்றி மாற்றி அளந்தேன். புள்ளி இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

கம்பத்தில் தவறில்லை. கருவியில் தவறில்லை. என்னிடமும் இல்லை. நகர்வது மேடு.

சாயங்காலம் தேவசகாயத்திடம் சொன்னேன். “நேத்து நீங்க சரியாத்தான் பிடிச்சிருந்திய.”

“அது எனுக்கு நேத்தே தெரியும் மேடம்” என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றினார். மன்னிப்புக் கேட்டதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் ஒரு தகவலைத் திருத்தினேன்.

ஆகஸ்ட் 15

விரிசலைக் கண்டுபிடித்துவிட்டேன்.

யாங்டோலின் வீட்டுக்குப் பின்னால், வயலும் வில்லோ மரங்களும் தாண்டி, புல் மூடி இருந்தது. கையை விட்டால் முழங்கை வரை போகிறது. வளைந்து வளைந்து மேட்டின் ஓரத்து ஐந்து வீடுகளையும் சேர்த்து வளைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆற்றுச் சுவருக்குப் போய்விடுகிறது. வாய்க்கால் தண்ணீர் வயலில் பாய்ந்து, வயலின் கடைசியில் அந்த விரிசலுக்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. பனிக்காலம் முடிந்ததிலிருந்து குடித்திருக்கும். அடி மண் சேறாகி, மேல் மண் அதன்மேல் வழுக்குகிறது.

பாலத்தின் ஒரு கால் அந்தத் துண்டின்மேல்தான் வருவதாக இருந்தது. பாலம் கிடக்கட்டும், அந்த ஐந்து வீட்டிலும் ஆட்கள் தூங்குகிறார்கள்.

ஆகஸ்ட் 16

யாங்டோலிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு விரிசல் அருகே கூட்டிப்போனதும் முகம் மாறியது. எதிர்பார்த்த மாதிரி அல்ல, கோபமாக மாறியது.

“பாலம் வேணும்னு கேட்டோம். நீ வந்து வீடு விழும்னு சொல்றே.”

“விழும்னு எனக்குத் தெரியுது. எப்போன்னு தெரியல. அதுதான் பயம். வீட்டைக் காலி பண்ணுங்க. வாய்க்காலை அடைங்க.”

“வாய்க்காலையா? பார்லி பால் பிடிச்சு நிக்குது. இப்ப தண்ணி இல்லேன்னா கதிரு எல்லாம் பதருதான். பனிக்காலத்துக்கு உன் வரைபடத்தையா வேகவெச்சுத் தின்றது?”

அவள் கேட்டது நியாயம்தான். அதற்காக அளவு மாறாது. விரிசலின் இரு பக்கமும் முளை அடித்து, நடுவே கயிற்றை விறைப்பாகக் கட்டினேன். “என்னை நம்ப வேண்டாம். இதைப் பாரு” என்றேன்.

“என் கயித்தைக் கட்டு” என்று வீட்டுக்குள் போய் அவளே ஒன்றை எடுத்துவந்தாள்.

ஆகஸ்ட் 18

கயிறு அறுந்துவிட்டது.

ஆகஸ்ட் 19

ஊராட்சிக் கட்டடத்தில் செயற்கைக்கோள் வழியாக வேலை செய்யும் ஒரு போன் இருக்கிறது. பெங்களூருக்குப் பேசினேன். எங்கள் நில அளவை நிறுவனத்தின் இயக்குநர் நாகேந்திரா எடுத்தார்.

“அரசி, உயரத்துல இருக்கீங்க. எர்ரர் வர்றது சகஜம்.”

“மத்த புள்ளி ஒண்ணுலயும் எர்ரர் இல்ல சார். இது ஒண்ணுலதான், அதுவும் ஒரே திசைக்கு. எர்ரருக்குத் திசை தெரியாது.”

“சரி, ரிப்போர்ட்ல எழுதுங்க. ஊர்க்காரங்ககிட்ட எதுவும் பேச வேண்டாம். நம்ம வேலை மேப் குடுக்கறது.”

“நான் போடுத கோடு நாளைக்கு அங்க இருக்காது சார். இல்லாத எடத்துக்கு எப்படி மேப் குடுக்க? பேசியாச்சு. இன்னைக்கு ஊர்க்கூட்டம். நானும் போறேன்.”

அவர் ஏதோ சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. நான் துண்டிக்கவில்லை. துண்டித்திருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

கூட்டத்தில் நான் காகிதத்தில் வரைந்து காட்டினேன். பெரியவர்கள் தலையசைத்தார்கள், ஆனால் யாரும் வாய்க்காலைப் பற்றிப் பேசவில்லை. கடைசியில் யாங்டோல் எழுந்தாள். அறுந்த கயிற்றை நடுவில் போட்டாள். லடாக்கி மொழியில் பேசினாள். எனக்குப் புரிந்தது ‘வாய்க்கால்’ என்ற சொல்லும் அவள் தன்னையே சுட்டிக்காட்டிய விரலும்தான். பிறகு அவள் கணவர் எனக்கு விளக்கினார். ஓரத்து வயல்களுக்கு மட்டும் தண்ணீர் கிடையாது. அதில் பெரியது இவர்களுடையது. மற்ற வயல்களின் விளைச்சலில் ஓரத்து வீட்டுக்காரர்களுக்கும் பங்கு. ஐந்து வீட்டுக்காரர்களும் மேல்தெரு உறவினர் வீடுகளுக்குப் போக வேண்டியது.

வெளியே வந்ததும் யாங்டோல் என்னிடம் கேட்டாள். “விழலேன்னா?”

“விழலேன்னா நான் வந்து உன் வயல்ல வேலை செய்யுதேன்.”

“ஒரு வருஷம்” என்றாள்.

“சரி.”

ஆகஸ்ட் 20

வீடுகள் காலியாகின்றன. தேவசகாயமும் அக்கரைக்கு வந்து அலமாரி தூக்கினார். ஊர்ப் பெண்கள் அவரிடம் ஏதோ கேட்டுச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். “ஒண்ணியும் இல்ல மேடம்” என்றார். காது சிவந்திருந்தது. வெயிலாக இருக்கும்.

ஆகஸ்ட் 24

விழுந்தது.

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் நான் மேட்டில், விரிசலுக்கு மலைப்பக்கம் கெட்டிப் பாறைமேல் கருவியை வைத்திருந்தேன். தேவசகாயம் எதிர்க்கரையில் கம்பத்தோடு. யாங்டோலின் கன்றுக்குட்டி பழைய தொழுவத்துக்கே திரும்பிப் போயிருந்தது. அதைப் பிடிக்க அவள் விரிசலைத் தாண்டி இறங்கிவிட்டாள். நான் கத்தினேன். கேட்கவில்லை. நானும் இறங்கினேன்.

தொழுவத்தில் கன்றின் கழுத்துக்கயிற்றை அவள் பிடிக்கும்போது காலுக்குக் கீழே மண் முனகியது. வேறு சொல் இல்லை அதற்கு. தூசி எழும்பி ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் வந்த வழியில், வயலுக்குக் குறுக்கே ஓட ஆரம்பித்தேன்.

இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி அலறியது. “அரசி! அந்தாண்ட போவாத! வயலு பொளக்குது! வலது கைப்பக்கம் ஓடு, வில்லோ மரத்தாண்ட, பாறைப் பக்கம்!”

எதிர்க்கரையிலிருந்து அவருக்கு மேடு முழுக்கத் தெரிந்தது. எங்களுக்குக் கையெட்டும் தூரம்கூடத் தெரியவில்லை. யாங்டோலின் கையைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். கன்று எங்களுக்கு முன்னால் ஓடியது. “இன்னும் மேல! நிக்காத! நிக்காத!” பாறையில் கை பட்டதும் ஏறினோம். திரும்பிப் பார்த்தபோது வயல் இருந்த இடத்தில் வானம் இருந்தது.

ஐந்து வீடும் போயின. கூடைக் கம்பம் ஊன்றியிருந்த திட்டும் போயிற்று. கம்பிக்கயிறு ஒரு நொடி ஆற்றின் மேலே சுருண்டு நெளிந்து மறைந்தது. ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை.

யாங்டோல் கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நீ வயல் வேலைக்கு வர வேண்டாம்” என்றாள்.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. கருவி பத்திரம். அவசரத்தில் தேவசகாயம் ‘மேடம்’ என்பதையும் மரியாதையையும் விட்டுவிட்டார். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 25

இப்போது நான் ஊர்க் கரை, அவர் கூடாரக் கரை. நடுவே கூடை இல்லை. ஆற்றில் இறங்குவது நடக்காத காரியம். யாங்டோலின் அக்காள் வீட்டில் படுக்கை கொடுத்திருக்கிறார்கள்.

நாகேந்திரா போனில், “நீங்க நல்லா இருக்கீங்களா?” என்று மூன்று தரம் கேட்டார். பிறகு, “இரண்டாவது இடத்தை முடிச்சுக் குடுங்க. உங்க ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பறேன், ஒரு எழுத்தும் மாத்தாம” என்றார். நல்ல மனிதர்தான். கம்பெனிக் கணக்குப் பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அதுதான் சிக்கல்.

ஆகஸ்ட் 27

இரண்டாவது இடம் அளக்கத் தொடங்கினோம். இரண்டு கரையிலும் ஆள் இருப்பது ஒரு வகையில் வசதி. இருபுறமும் நல்ல பாறை. ஆணி அடித்தால் கை அதிர்கிறது. பாலம் இங்கே நிற்கும்.

தொலைநோக்கியில் பார்த்தால் தேவசகாயம் சவரம் செய்யவில்லை.

ஆகஸ்ட் 28

இன்றும் செய்யவில்லை. “ஆள் இருக்காப்ல தெரியலயே, தாடிதான் நிக்குது” என்றேன் வாக்கி-டாக்கியில்.

“யாருக்கோசரம் மேடம் சவரம் பண்றது?”

“பிரிசம் தெரியணும்லா?”

ஆகஸ்ட் 29

சவரம் செய்திருந்தார். ஒவ்வொரு காலையும் கருவியின் குவியத்தைச் சரிபார்க்க ஏதாவது ஒரு தெளிவான பொருளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 31

காற்று. வேலை இல்லை. அவருடைய வாக்கி-டாக்கி பாட்டரிக்கு ஜீப்பில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம், எனக்கு ஊர் சோலார்தான், ஆகவே வேலைக்கு மட்டும் பேசுவது என்று விதி வைத்தோம். இன்று பேசியவை: ஜீப்பின் டயர், குடியாத்தத்துத் தோல் தொழிற்சாலை வாசனை, சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டம், அவர் மனைவி மேரி இறந்த விதம், என் கல்யாணம் இரண்டு வருடத்தில் முடிந்த விதம். பாட்டரி தீர்ந்தது.

செப்டம்பர் 3

அளவு எல்லாம் முடிந்தது. ஆறு, சுவர், வளைவு, விழுந்தபின் மேட்டின் புதிய ஓரம், எல்லாம் சமஉயரக் கோடுகளாகத் திரையில் வந்துவிட்டது. கோடுகள் நெருங்குகிற இடத்தில் சரிவு, விலகுகிற இடத்தில் சமவெளி. யாங்டோலுக்குக் காட்டினேன். தன் வீடு இருந்த இடத்தில் விரலை வைத்தாள். அங்கே கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கறுப்பாக இருந்தன. பிறகு பாலம் வரும் இடத்துக்கு விரலை நகர்த்தினாள்.

“தூரம்தான்” என்றாள். “பரவாயில்ல. குதிரை இருக்கு.”

வெளியேற ஒரே வழி, ஊருக்குப் பின்னால் இருக்கிற கணவாயை ஏறி இறங்குவது. யாங்டோலே குதிரையோடு கூட வருகிறாள். கணவாய்க்கு அந்தப் பக்கம் வேறொரு பள்ளத்தாக்கில் சாலை வருகிறது. தேவசகாயம் லே வழியாகச் சுற்றிக்கொண்டு ஜீப்பை அங்கே கொண்டுவருவதாகச் சொன்னார்.

“வழி ரொம்ப மோசமாமே” என்றேன்.

“வழி எப்டி இருந்தா இன்னா? நான் வந்துடுவேன்.”

செப்டம்பர் 4

புறப்படுமுன் நாகேந்திராவின் போன். அரசு இரண்டாவது இடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. எனக்கு அடுத்த வேலை கட்ச் உப்புவெளியில், உடனே வரலாம் என்றார். வரவில்லை என்றேன். மிச்சமிருக்கிற மேட்டைப் பனிக்காலம் முழுக்கக் கவனித்தாக வேண்டும், புதுப் புள்ளிகள் பதித்திருக்கிறேன், மேலே இன்னும் வீடுகள் இருக்கின்றன, வசந்தத்தில் பாலத்துக்கு அஸ்திவாரம் குறிக்க வேண்டும், ஆகவே லேயிலேயே தங்குகிறேன் என்றேன்.

“லேயில பனிக்காலமா? யோசிச்சீங்களா?”

“யோசிச்சாச்சு சார்.”

காரணங்கள் எல்லாம் உண்மையானவை. எழுத்திலும் அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 6

கணவாயில் மூச்சு வாங்கியது. யாங்டோல் குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னாள், நடந்தேன். உச்சியில் நின்று திரும்பினால் ஆறு ஒரு கீறலாகத் தெரிந்தது. இந்தக் கீறலின் ஒவ்வொரு திருப்பமும் எனக்குத் தெரியும் என்று நினைத்தபோது மார்பு நிறைந்தது.

இறங்கியபோது கீழே ஜீப் நின்றிருந்தது. முன்பக்கம் ஒரு விளக்கு உடைந்திருந்தது. தேவசகாயம் புதுச் சட்டை போட்டிருந்தார். யாங்டோல் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குதிரைக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லித் தண்ணீரே இல்லாத பக்கமாகப் போனாள்.

விடைபெற்று வண்டியில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் தேவசகாயம் ஆரம்பித்தார்.

“பனிக்காலம் இங்கியே இருக்கப் போறீங்களாமே. ஆபீஸ்ல சொன்னாங்க.”

“ஆமா. வேலை இருக்கு.”

“லேயில குளிரு எலும்புக்குள்ள போவும். தாங்குவீங்களா மேடம்?”

“குளிரைத் தாங்கிருவேன். மேடம்னு கூப்பிட்டாத்தான் தாங்க மாட்டேன்.”

அவர் கியரைத் தப்பாகப் போட்டார், வண்டி உறுமியது. சரிசெய்துகொண்டு ஓட்டினார். ஒரு வளைவு போனோம். இன்னொரு வளைவு. பிறகு ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

“என்ன, வண்டில ஏதாவது கோளாறா?” என்றேன்.

“இல்ல” என்றார், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி. “அன்னிக்கி கத்துனது வேற. சாதாரணமா ஒரு தபா பேரச் சொல்லிக் கூப்ட்டுப் பாக்கலாம்னு.”

கூப்பிட்டார்.